அறுபத்தொரு கிலோ நானூறு

பதினோரு வருஷம் சிறையில் இருந்துவிட்டு ஆவுடையப்பன் ஊருக்குத் திரும்பிய அன்று, அவன் பதினேழாம் நம்பர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்ததும் பஸ் இடதுபக்கம் ஒரு சாண் இறங்கியது, டயரில் காற்றுப் போய்விட்டதென்று டிரைவர் இறங்கிப் போய் ஆறு டயரையும் உதைத்துப் பார்த்தார், டயரில் ஒரு குறையும் இல்லை என்றானதும் கண்டக்டர் பரமார்த்தலிங்கம் ஒவ்வொருவராக எழுந்து இறங்கச் சொல்லி, ஆவுடையப்பன் இறங்கியபோது பஸ் நிமிர்ந்ததையும் ஏறியபோது சாய்ந்ததையும் இரண்டு தடவை பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு, "தம்பி, நீ ஒத்த ஆளா ஏறல. ரெண்டு டிக்கெட் எடுத்துக்க" என்றார். அவனும் மறுபேச்சுப் பேசாமல் இரண்டு டிக்கெட் எடுத்து இரண்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அவன் அக்கா வீட்டில் முதல் நாளே கயிற்றுக் கட்டில் அறுந்தது, இரண்டாம் நாள் பிளாஸ்டிக் நாற்காலி காலை விரித்துப் படுத்துவிட்டது, மூன்றாம் நாள் வாய்க்கால் வரப்பில் நடந்தவன் முழங்கால் வரை சேற்றில் இறங்கி நான்கு பேர் சேர்ந்து இழுக்க வேண்டியதாயிற்று. ஆள் பார்க்க ஒல்லி, இடுப்பெலும்பு சட்டைக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அப்படியானால் மிச்ச கனம் யாருடையது என்று ஊர் யோசித்து, செத்தவன் கொன்றவன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறான் என்று முடிவுகட்ட ஒரு மதியப்பொழுது போதுமானதாக இருந்தது. அந்த வருஷம் சாரல் பொய்த்ததற்குப் பட்ட ஆச்சரியம்கூட இதற்கு யாரும் படவில்லை. சிறையில் சிமெண்ட் மேடையில்தான் படுக்கை என்பதால் அங்கே தெரியாமல் இருந்திருக்கும் என்று ஒருவர் விளக்கம் சொன்னார், எல்லாரும் ஆமாமென்றார்கள். அதற்குப் பிறகு ஊருக்கு இருந்த சந்தேகமெல்லாம் கோயிலில் அவனுக்குத் திருநீறு ஒரு தரமா இரண்டு தரமா என்பதுதான். பூசாரி இரண்டு தரம் கொடுத்துப் பிரச்சினையை முடித்துவைத்தார்.

செத்தவனின் தாய் செண்பகவடிவு மூன்று ஸ்டாப் தள்ளி, சிவலார்கரை எலுமிச்சை மண்டியில் தராசு பார்க்கிறவள். விஷயத்தை அவளிடம் யார் போய்ச் சொல்வது என்று ஆளாளுக்குத் தயங்கி, கடைசியில் மூட்டை இறக்கிக்கொண்டே ஒருத்தி போகிற போக்கில் சொல்லிவிட்டாள். செண்பகவடிவு சாக்கின் வாயைக் கட்டி முடித்து, நிமிர்ந்து, "எத்தனை கிலோ இருக்கானாம்?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகை வரவில்லை. வந்திருந்தால்தான் மண்டியில் உள்ளவர்கள் ஆச்சரியப்பட்டிருப்பார்கள்.

ஏனென்றால் பதினோரு வருஷமாக அவள் அப்படித்தான். ஒரு காலத்தில் செண்பகவடிவு கையில் தூக்கிப் பார்த்துச் சொன்னால் தராசு அதற்கு மேல் ஒரு கிராம் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. எலுமிச்சைச் சாக்கு, கோழி, கோயில் உண்டியல், பிறந்த குழந்தை எதைக் கொடுத்தாலும் சொல்லுவாள். மகன் செத்த சேதி வந்த அன்று அவள் கையில் ஒரு மூட்டை இருந்தது. சேதியைக் கேட்டவள் மூட்டையை இறக்கி வைத்தாள், மறுபடி தூக்கினாள், அதற்குக் கனமே இல்லை. அன்றையிலிருந்து எதற்கும் கனம் இல்லை. செம்புத் தண்ணீரும் ஐம்பது கிலோ மூட்டையும் அவள் கைக்கு ஒன்றுதான். தராசின் சிவப்பு எழுத்தைப் பார்த்துத்தான் மற்றவர்களைப் போல அவளும் படித்துச் சொன்னாள். மகனைப் புதைத்துவிட்டு வந்து குளித்துத் துணி மாற்றி மறுநாள் வேலைக்கு வந்தவளைக் கல்நெஞ்சுக்காரி என்று சொன்ன ஊர், அப்புறம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டது.

நடந்தது இதுதான். கோயில் கொடைத் திருவிழாவையொட்டி அறுபத்திரண்டு கிலோ எடைப்பிரிவுக் கபடிப் போட்டி. மண்டித் தராசை இரவல் வாங்கிக்கொண்டு போய் ஆட்டக்காரர்களை எடை போட்டது செண்பகவடிவின் மகன் உச்சிமாகாளி. அவனும் ஆட்டக்காரன், வயது பத்தொன்பது. எதிர் அணியில் ஆடவிருந்த ஆவுடையப்பன் ஏறி நின்றபோது தராசு அறுபத்திரண்டு கிலோ முந்நூறு காட்டியது. முந்நூறு கிராம் கூட என்று உச்சி அவனைச் சத்தமாகத் தள்ளிவைத்தான், கூட்டம் சிரித்தது, ஆவுடையப்பன் இல்லாத அணி தோற்றது. பொழுது சாயும்போது வாய்க்கால் பாலத்தருகே ஆவுடையப்பன் வாழைத்தார் வெட்டுகிற அரிவாளோடு நின்றான். முந்நூறு கிராமுக்கு ஓர் உயிர்.

ஜெசிந்தா மேடம் ஸ்கூட்டரில் மண்டிக்கு வந்தது ஆவுடையப்பன் வந்த மூன்றாவது வாரம். விடுதலையானவர்களை மேற்பார்க்கும் நன்னடத்தை அலுவலர் அவள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு காலிச் சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"அம்மா, மன்னிக்கச் சொல்லி நான் வரல. அப்படி யாரும் ஒங்ககிட்ட கேக்கக் கூடாது. அவன் செஞ்சதை அவன் வாயாலயே ஒங்க முன்னாடி சொல்லணும், நீங்க கேக்கணும்னு நெனச்சதை எல்லாம் கேக்கணும். ஒங்களுக்கு இஷ்டமில்லன்னா இப்படியே திரும்பிப் போயிருதேன்."

"சொன்னா அவனுக்கு என்ன ஆவும்?"

"கனம் கொறையும்னு நெனைக்கேன். அவனால படுக்க முடியல, குனிய முடியல. வேலைக்குப் போனாத்தான மனுசன் ஆவான்? அடைச்சு வச்சு பதினோரு வருசத்துல ஆவாததை நாம உக்காந்து பேசி ஒருவேளை செய்யலாம்."

அந்தப் பெண் சொன்னதில் நல்லது கெட்டது எதுவும் செண்பகவடிவின் மனசில் போய் ஒட்டவில்லை. "பேச்செல்லாம் எனக்கு வேண்டாம். அவனை ஒரு தடவை நிறுத்துப் பாக்கணும். ஞாயித்துக்கெழமை மண்டி லீவு. கூட்டிட்டு வாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். மண்டி வாசலிலிருந்து தராசு வரை அவன் நடந்த இடத்திலெல்லாம் சிமெண்ட் தரை முனகியது. செண்பகவடிவு அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சாக்கு சரியாமல் நிற்பதற்காகத் தராசுத் தட்டின் மேல் எப்போதும் ஒரு மரப்பலகை போட்டிருப்பார்கள்; அதைத் தூக்கிச் சுவரோரம் சாத்தி வைத்தாள், சிவப்பு எழுத்து சைபருக்கு வருகிறவரை காத்திருந்தாள், பிறகு "ஏறு" என்றாள்.

நூற்று இருபத்து மூன்று கிலோ நானூறு. சிறைச் சீட்டில் அவன் எடை அறுபத்திரண்டு என்று எழுதியிருந்தது. கழித்தால் அறுபத்தொரு கிலோ நானூறு. போட்டிக்குப் போகிற அன்று காலையில் இதே தட்டில் உச்சி ஏறி நின்று, "எம்மா, பாத்துக்க, அறுபத்தொண்ணு நானூறு, இன்னும் அரைக்கிலோ திங்கலாம்" என்று இரண்டு இட்லி கூட வாங்கிக்கொண்டான். ஒரு கிராம் கூடவுமில்லை, குறையவுமில்லை. செண்பகவடிவு அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நெஞ்சுக்குள் ஏதாவது வருமென்று காத்திருந்தாள், வரவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவனை வரச் சொன்னாள்.

வந்தவன் சும்மா நிற்க முடியுமா? ஜெசிந்தா மேடம் மூன்று ஸ்டூல் போட்டு, நடுவில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்து, "ஒங்களுக்குத் தெரியாதது ஏதாவது கேளுங்கம்மா" என்றாள். செண்பகவடிவுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. மகனைக் கொண்டுவந்து போட்டபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்றைப் பாலத்தடியிலும் வயலிலும் ஒரு மாதம் தேடினாள்.

"செருப்பு எங்க?"

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தான். "நாந்தான். வாய்க்கால்ல தூக்கிப் போட்டேன். அது தனியாக் கெடந்துச்சு. அதைப் பாக்க முடியல."

அவ்வளவுதான் சொன்னான். போகும்போது தராசில் ஏற்றிப் பார்த்தால் பதினோரு கிலோ குறைந்திருந்தது.

எந்த உண்மைக்கு எத்தனை கிலோ என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அரிவாளோடு வந்தவனைப் பார்த்து உச்சி முதலில் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தான் என்பதற்கு நான்கு கிலோ போனது. வெட்டியதைச் சொன்ன வாரம் ஜெசிந்தா மேடம் எழுந்து வெளியே போய் நின்றாள், ஆனால் அதற்கு இரண்டு கிலோகூட முழுதாகக் குறையவில்லை. செண்பகவடிவு எல்லாவற்றையும் ஊர்க் கதை கேட்பதுபோலக் கேட்டாள். கேட்டு முடித்துத் தராசைப் பார்த்து, பழைய எலுமிச்சைச் சீட்டின் பின்பக்கத்தில் எடையைக் குறித்து வைத்தாள்.

உண்மைதான் காரணம் என்பது அப்போது ஊருக்குத் தெரியாது. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் உச்சி வாராவாரம் மெலிகிறான் என்பது. மெலிந்தால் என்ன காரணம்? பட்டினிதான். கொன்ற பாவி தான் மட்டும் தின்றுவிட்டு உள்ளே இருக்கிற பிள்ளையைப் பட்டினி போடுகிறான் என்று பேச்சுக் கிளம்பி, பதினோரு வருஷமாக அவன் பெயரைச் சொன்னாலே காறித் துப்பியவர்கள் தூக்குவாளியோடு அவன் அக்கா வீட்டு வாசலில் வரிசைகட்டினார்கள். உச்சிக்குப் பிடிக்குமென்று ஒருத்தி அவியல் கொண்டுவந்தாள், ஒருத்தி நெத்திலிக் கருவாடு வறுத்துக்கொண்டு வந்தாள், டீக்கடைக்காரர் முறுக்கு கொடுத்து, "ரெண்டு பேரும் தின்னுங்கடே" என்றார். வழியில் பார்த்தவர்கள் அவனை நிறுத்தி, "உச்சி எப்படி இருக்கான்?" என்று விசாரித்தார்கள். அவன் முதலில் அழுதான், பிறகு பதில் சொல்லப் பழகிக்கொண்டு, "இருக்கான் மாமா, கொஞ்சம் எளச்சிருக்கான்" என்றான். செண்பகவடிவும் மத்தியானம் தன் சாப்பாட்டுத் தூக்கில் பாதியைப் பதினேழாம் நம்பர் பஸ்ஸில் கொடுத்துவிட்டாள். பரமார்த்தலிங்கம் அதைத் தன் சீட்டில் வைத்துக்கொண்டு நின்றபடியே டிக்கெட் கிழித்தார். இவ்வளவுக்கும் பலன், ஆவுடையப்பனுக்குச் சொந்தத் தொப்பை இரண்டு கிலோ விழுந்தது. உச்சி குறைந்துகொண்டேதான் போனான். பரமார்த்தலிங்கம் பஸ் சாய்வதைப் பார்த்துவிட்டு இரண்டு டிக்கெட்டை ஒன்றரை ஆக்கினார்.

பிறகு ஒரு வாரம் ஆவுடையப்பன் காய்ச்சலோடு வந்தான். ஒரு வார்த்தை பேசாமல் ஸ்டூலில் சுருண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். அந்த வாரம் எடை குறையவே இல்லை. சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த செண்பகவடிவுக்கு அப்போதுதான் பிடிபட்டது. அவன் சொல்லச் சொல்லத்தான் மகன் போகிறான். அவள் கேட்கக் கேட்கத்தான் போகிறான்.

அதற்கு அடுத்த வாரங்களில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆவுடையப்பன் எதையாவது சொல்ல வாயெடுத்தால் "தண்ணியக் குடி" என்று செம்பை நகர்த்தினாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஊமைகளாக உட்கார்ந்திருந்தார்கள். முப்பத்தெட்டு கிலோவில் உச்சி அப்படியே நின்றான். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் எடை பார்த்து எழுதிக் கொடுத்த அதே முப்பத்தெட்டு. அதை நினைத்தபோதும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை, ஆனாலும் அந்த முப்பத்தெட்டை விட்டுவிட அவளால் முடியவில்லை.

நான்காவது வாரம் ஜெசிந்தா மேடம் தனியாக வந்தாள். "அம்மா, அவன் முட்டி ரெண்டும் வீங்கிக் கெடக்கு. தூக்கமில்ல. தலையைச் சொவத்துல முட்டுதானாம். இப்படியே இருந்தா வெளிய இருக்கத் தகுதியில்லன்னுதான் நான் எழுதணும். எழுதினா திரும்ப உள்ள கொண்டுபோயிருவாங்க."

"உள்ள போனா?"

"அப்புறம் ஒங்களால அவனைப் பாக்க முடியாது. உச்சியையும்தான்."

அந்தப் பெண் மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். செண்பகவடிவு வெளியே பார்த்தாள். முற்றத்தில் எலுமிச்சை காய்ந்துகொண்டிருந்தது. முப்பத்தெட்டு கிலோவைச் சிமெண்ட் மேடைக்கு அனுப்புவதா, இல்லை இங்கேயே வைத்துக் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைப்பதா? எதைச் செய்தாலும் இல்லாமல்தான் போகிறான். இரண்டு பக்கமும் மூட்டையை வைத்துப் பார்க்கிறவள் அவள், ஆனால் எந்தப் பக்கம் கனம் என்று அவள் கைக்குத் தெரியவில்லை.

"ஞாயித்துக்கெழமை வரச் சொல்லுங்க. கேக்கேன்" என்றாள்.

கேட்டாள். மாசி, பங்குனி, சித்திரை முழுக்கக் கேட்டாள். வெட்டுவதற்கு முன் கடையில் சோடா வாங்கிக் குடித்தாயாமே, எந்தக் கடை? கலர் சோடாவா, வெறும் சோடாவா? அவன் ஓடினானா? எவ்வளவு தூரம் ஓடினான்? நீ ஏன் விரட்டினாய், விட்டிருக்கலாமே? ஆவுடையப்பன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான், தெரியாததைத் தெரியாதென்று சொன்னான், ஒருநாள் "விட்டுருக்கலாம். ஒரு நிமிசம் நின்னேன். திரும்பிப் போயிரலாம்னு நெனச்சேன். பாலத்துல நின்ன பயலுவ பாத்துட்டாங்கன்னு போனேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான். அதற்கு மட்டும் பதினான்கு கிலோ.

உச்சி இறங்கிக்கொண்டே வந்தான். இருபத்து நான்கு கிலோவில் இரண்டாம் வகுப்புப் போனான். பதினாறில் அம்மை போட்டுப் படுத்தான். பதினொன்றில் மண்டிச் சாக்குகளுக்கு நடுவே ஓடி விழுந்து பல் உடைத்துக்கொண்டான். ஊரும் கூடவே இறங்கியது. அவியல் கொடுத்தவள் பருப்புச் சோறு பிசைந்து கொடுத்தாள், டீக்கடைக்காரர் முறுக்கை நிறுத்திவிட்டு ரஸ்க் கொடுத்தார். ஆவுடையப்பன் கட்டிலில் படுத்தான், குனிந்தான், நிமிர்ந்தான், தொப்பை கரைய மண்டியிலேயே மூட்டை ஏற்றுகிற வேலைக்கு வந்தான். வேலைக்கு எடுக்கலாமா என்று மண்டிக்காரர் செண்பகவடிவிடம் கேட்டபோது, "மூட்டை தூக்கத் தெரியுதுல்லா" என்றாள். பரமார்த்தலிங்கம் மட்டும் அந்த அரை டிக்கெட்டை விடாமல் வாங்கிக்கொண்டிருந்தார். பஸ் இன்னும் ஒரு விரல்கடை சாய்கிறது என்பது அவர் வாதம்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செண்பகவடிவு வழக்கம்போலப் பலகையைத் தூக்கிச் சுவரோரம் சாத்தினாள், சைபர் பார்த்தாள், அவனை ஏறச் சொன்னாள். அறுபத்து நான்கு கிலோ தொள்ளாயிரம். கழித்தால் இரண்டு கிலோ தொள்ளாயிரம்.

பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் துணியில் கட்டித் தொங்கவிட்டு எடை பார்ப்பதற்கு முன்னாலேயே, குழந்தையைக் கையில் வாங்கியவுடன், "ரெண்டு கிலோ தொள்ளாயிரம்" என்று சொன்னவள் செண்பகவடிவு. நர்ஸ் தராசைப் பார்த்துவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. இதற்குக் கீழே அவளுக்கு எடை கிடையாது. இதற்குக் கீழே மகனே கிடையாது.

ஆவுடையப்பன் தட்டிலிருந்து இறங்காமல் நின்றான். "இன்னும் ஒண்ணுதான் இருக்கு" என்றான். "கடைசியா அவன் ஒண்ணு சொன்னான். நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். எங்கிட்டதான் சொன்னான். அதை யார்ட்டயும் சொன்னதில்ல, கோர்ட்டுலகூட."

ஜெசிந்தா மேடம் பேனாவை மூடி வைத்தாள். பதினோரு வருஷமாக செண்பகவடிவு கேட்க நினைத்தது அந்த ஒன்றைத்தான், செருப்பெல்லாம் அதைச் சுற்றி வந்ததுதான்.

அவள் கேட்கவில்லை. சுவரோரம் சாத்தியிருந்த பலகையை எடுத்து வந்து அவன் முன்னால் நீட்டினாள்.

"இது எத்தனை கிராம் தெரியுமா?"

அவன் தட்டிலிருந்து இறங்கினான்.

"முந்நூறு. அன்னைக்குத் தராசு திரும்பி வந்துச்சு. போலீஸ்காரங்க, ஆளுங்க எல்லாம் இங்கன நிக்காங்க. நான் சுச்சைப் போட்டேன். தட்டுல யாருமில்ல, பலகை மட்டுந்தான், முந்நூறுன்னு காட்டுது. நாங்க மண்டியில பலகையப் போட்ட பொறவுதான் சைபர் பாப்போம், எங்களுக்கு அதான் பழக்கம். கொண்டுபோற வழியில பலகை வழுக்கிருச்சோ என்னவோ, உச்சி சைபர் பாத்துட்டு மேல எடுத்துப் போட்டிருக்கான். நீ கூட இல்ல. சரியா அறுவத்திரண்டு. நான் சுச்சை அணைச்சிட்டேன். யாருக்கும் சொல்லல."

இதைச் சொன்னால் கொன்றவனுக்கு நியாயம் கற்பித்ததுபோல் ஆகிவிடும் என்று நினைத்துப் பதினோரு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள். தன் மகன் தப்பாக நிறுத்தான் என்று அவள் வாயால் வர வேண்டுமா? தட்டைச் சரிபார்த்துக் கொடுத்தனுப்பாதது யார் தப்பு? அவன் இனிக் கத்துவான், நெஞ்சில் அடித்துக்கொள்வான், பலகையைப் பிடுங்கி எறிவான், அவனுக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நின்றாள்.

ஆவுடையப்பன் பலகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"முந்நூறு கூட இருந்தா மட்டும் வெட்டலாமா சித்தி?" என்றான்.

முதல்முதலாக அவளை அவன் உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டது அதுதான். சொல்லிவிட்டுப் பலகையை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். செண்பகவடிவு வாங்கினாள், வாங்கியவள் சட்டென்று இன்னொரு கையையும் அடியில் கொடுத்தாள். பலகை கனத்தது. முந்நூறு கிராம் மரம் முந்நூறு கிராமாக அவள் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது. அவள் அதைக் கீழே வைத்தாள், செம்பை எடுத்துப் பார்த்தாள். முக்கால் செம்புத் தண்ணீர், அதுவும் கனத்தது.

"சொல்லிரட்டுமா?" என்று அவன் கேட்டான்.

"வேண்டாம்."

"ஒங்களுக்குச் சேர வேண்டியதுல்லா அது."

"எனக்குச் சேர வேண்டியதுதான். எங்கிட்ட வந்தா அவன் போயிருவான். நீயே வச்சுக்க. எறக்கி வச்சிராத, யார்ட்டயும் சொல்லித் தொலைச்சிராத. கடைசிவரைக்கும் தூக்கிட்டுத் திரி."

"சரி" என்றான். தண்டனை என்று நினைத்தானோ வேறென்ன நினைத்தானோ, அவன் தோள் இரண்டும் இறங்கி அமைதியானதை செண்பகவடிவு பார்த்தாள். அவளுக்கும் அது எது என்று தெரியவில்லை. மன்னிப்பா என்று யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஜெசிந்தா மேடம் காகிதத்தை எடுத்தாள். "மிச்சம் ரெண்டு கிலோ தொள்ளாயிரத்துக்கு நான் என்னம்மா எழுத?"

"அது இருக்கட்டும். வேலைக்கு ஒழுங்கா வாரான்னு எழுதுங்க."

அவள் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்கூட்டரில் போனாள். செண்பகவடிவு மண்டியைப் பூட்டினாள். அன்றைக்கு அவளுக்குக் கீழூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது; வேறு நாளாக இருந்தால் அவன் போன பிறகு அடுத்த பஸ்ஸுக்குப் போயிருப்பாள். அன்றைக்கு அவனோடேயே நடந்து போய் நிறுத்தத்தில் நின்றாள். எதிர்க் கடையில் நின்றவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள்.

பதினேழாம் நம்பர் வந்தது. ஆவுடையப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்தான், அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பரமார்த்தலிங்கம் படியிலிருந்து தலையை வெளியே நீட்டி டயரைப் பார்த்தார், உள்ளே வந்து அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இருவருக்கும் நடுவே இருந்த காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவன் பழக்கதோஷத்தில் ஒன்றரை டிக்கெட்டுக்குச் சில்லறையை நீட்டினான். அவர் ஒரு டிக்கெட்டைக் கிழித்து அவனிடம் கொடுத்தார், பெண்களுக்கான இலவசச் சீட்டு ஒன்றை அவளிடம் கொடுத்தார், மிச்சச் சில்லறையை அவன் கையிலேயே திருப்பி வைத்தார்.

"அரை டிக்கெட்?" என்றான் அவன்.

"கைக்குழந்தைக்கு டிக்கெட் கெடையாதுடே" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார்.

பஸ் குலுங்கிக் கிளம்பியது. செண்பகவடிவு முந்தானையை இழுத்து மடியில் விரித்துக்கொண்டு, அவன் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.